அம்பத்தெட்டில் வந்தவர்

மோட்டாரை நிறுத்திவிட்டுச் சின்னசாமி தோட்டத்திலிருந்து ஓடிவந்தபோது, வாசலில் நின்ற வாடகை வேனிலிருந்து அவனுடைய அண்ணன் அப்பாசாமி தானே ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் ஜட்ஜான பிறகு எதையும் தூக்கி அவன் பார்த்ததில்லை. ஊருக்கு வந்தால் அரசாங்கக் கார் வரும். டவாலி போட்ட ஆள் முன்சீட்டிலிருந்து குதித்து இறங்கிக் கதவைத் திறந்துவிடுவான். பெட்டி, பழக்கூடை எல்லாம் தானாக வீட்டுக்குள் போய்விடும்.

"இன்னாணா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற. லீவா?"

"லீவு இல்ல. முடிஞ்சிடுச்சு."

"இன்னா முடிஞ்சிடுச்சு?"

"வேலைதான்."

சின்னசாமியின் மனைவி சரசு உள்ளேயிருந்து சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "மாமா, மொதல்ல உள்ள வாங்க. வெயில்ல நின்னுகினு இன்னா பேச்சு."

சித்திரை பாதி கடந்திருந்தது. மலைப் பக்கமிருந்து வருகிற காற்றுகூட அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது. அடி அண்ணாமலையில் ஆடுமாடெல்லாம் நிழல் பார்த்து ஒதுங்கிவிட்டிருந்தன. கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர், சூட்டுக்குப் பயந்து ரோட்டில் அடித்திருந்த வெள்ளைக்கோட்டைத் தேடித் தேடிக் கால்வைத்துப் போனார்கள்.

அந்தக் குடும்பத்தில் முதலில் படித்தவர் அப்பாசாமி. வக்கீலாகி, முன்சீப்பாகி, கடைசியில் தெற்கே ஒரு ஊரில் சப் ஜட்ஜாக இருந்தார். மகள் பிரசவத்துக்காக அவர் மனைவி சென்னையில் இருந்தார். சின்னசாமி எட்டாவதோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டான். கிணற்றடியில் மல்லித் தோட்டம், மேட்டில் வேர்க்கடலை. விடிவதற்குள் பூப் பறித்து டவுன் மார்க்கெட்டில் போட்டுவிட்டு வருவான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சரசு பாதையோரம் உட்கார்ந்து பூக்கட்டி விற்பாள்.

சரசு களி கிளறி, முருங்கைக்கீரையைக் கடைந்து, வேர்க்கடலைத் துவையல் அரைத்தாள். அப்பாசாமி களியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர விழுங்கவில்லை. சின்னசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"ஜட்ஜுக்கு அறுபதுன்னுதானேணா சொல்லுவ. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதே."

"அறுபதுதான். ஆனா அம்பத்தெட்டுல ஒருதரம் உக்காந்து பார்ப்பாங்க. எழுதின தீர்ப்பு, மேல வந்த புகார், எல்லாத்தையும் எடுத்து வெச்சு, இந்த ஆள் இன்னும் ரெண்டு வருஷம் வேணுமா வேணாமான்னு ஐகோர்ட்டுல முடிவு பண்ணுவாங்க. வேணும்னா அறுபது. வேணாம்னா அம்பத்தெட்டோட சரி."

"உன்ன?"

"வேணாம்னுட்டாங்க."

சரசு இன்னொரு கரண்டிக் கீரையை அவர் தட்டில் விட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஊர்ல கேட்டா இன்னாணா சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு."

நடந்ததை எப்படிச் சொல்வது? கூலி ஆளுக்கு வேலை போவது வேறு, ஜட்ஜை இரண்டு வருடம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்புவது வேறு. காசுக்குக் கை நீட்டியிருப்பான், மாட்டிக்கொண்டான் என்பார்கள். நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும். அன்று சாயங்காலமே சின்னசாமி ஒரு முடிவுக்கு வந்தான். ஊரிலிருக்கிற இளைஞர் மன்றத்துப் பையன்களைக் கூப்பிட்டு, அண்ணனுக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா வைக்க வேண்டும் என்றான். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், சால்வை, சாப்பாடு. பெரிதாக மாலை போட்டுவிட்டால் யாரும் வயதைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தான்.

"எதுக்குடா இதெல்லாம்?" என்றார் அப்பாசாமி.

"ஊரு ஆசப்படுதுணா. நீ கம்முனு இரு."

மறுநாள் காலையில் மார்க்கெட்டிலிருந்து திரும்பியவன், பாதையோரத்து அருணகிரி டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். வண்டியின் நம்பர் பலகைக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'நீதிபதி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி சின்னசாமியுடையது. ஆனாலும் டவுனில் போலீஸ்காரர்கள் அதை நிறுத்தியதில்லை. ஏழெட்டு வருடமாக அவன் ஹெல்மெட் போட்டதுமில்லை.

கடைப் பெஞ்சில் ரிடையரான கண்டக்டர் புகழேந்தி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் செழியன் நின்றபடி டீ குடித்தான். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வருகிற ஒரு காபிக் கடையில் அவனுக்கு வேலை. அவனுக்கும் சின்னசாமிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அப்பாசாமி எங்கூடப் படிச்சவராச்சே. எனக்கே இன்னும் அறுபது ஆவலியே, அவருக்கு எப்புடி?" என்றான் அருணகிரி, டீயை ஆற்றிக்கொண்டே.

"அவரா போதும்னுட்டு வந்துட்டாருபா. எவ்ளோ நாளுதான் மாரடிக்கறது."

புகழேந்தி பேப்பரை மடித்தார். "ஜட்ஜுங்களுக்கு வயசுக் கணக்கே தனி. இவங்களுக்கு அறுபது, ஐகோர்ட்டுக்கு அறுவத்திரண்டு, சுப்ரீம் கோர்ட்டுக்கு அறுவத்தஞ்சு."

"மேல போவப் போவ வயசாவறது கம்மியாயிடும் போல," என்று அருணகிரி சிரித்தான்.

புகழேந்தி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனைக்காத சின்னசாமி. எங்க சம்பந்தி கோர்ட்டுல கிளார்க்கா இருந்தாரு. அம்பத்தெட்டுல அனுப்பறாங்கன்னா அது தானா வர்றது இல்லன்னு சொல்லுவாரு. உங்க அண்ணன் பேர்ல ஏதாவது…"

சின்னசாமிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மறைக்க நினைத்ததெல்லாம் மறந்துபோனது.

"எங்கண்ணன் அடுத்தவன் காசுல ஒரு டீ குடிச்சவரு இல்ல. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் மொட்டப் பெட்டிஷன் போட்டிருப்பான். மூஞ்சி காட்ட வக்கில்லாத நாயி. அவன் மட்டும் எங்கையில கெடைக்கட்டும்."

செழியன் கிளாஸைப் பலகைமேல் வைத்தான்.

"மொட்டப் பெட்டிஷன் இல்ல மாமா. நான்தான் போட்டேன். எங்கம்மா பேரு, என் பேரு, போன் நம்பரு எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன்."

அருணகிரி பாய்லர் தீயைக் குறைத்தான்.

"வழியில கல்லு நட்டப்ப வி.ஏ.ஓ. கிட்ட போனோம். அவரு ஸ்டேஷனுக்குப் போங்கன்னாரு. ஸ்டேஷன்ல, ஜட்ஜு வீட்டு விஷயம், நாங்க எதுவும் பண்ண முடியாது, மேல எழுதிக்கோங்கன்னாங்க. மேல எழுதினேன்."

"எங்கண்ணன் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடா."

"நாங்க வழியத்தான் கேட்டோம் மாமா. அவரு வேலைய கேக்கல."

சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுப் பக்கம் போய்விட்டான். அடிக்க வேண்டும் என்று தூக்கிய கை எப்போது கீழே இறங்கியது என்று சின்னசாமிக்கே தெரியவில்லை. புகழேந்தி மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் விரித்தார் என்பது நன்றாகத் தெரிந்தது.

அந்த வழி விவகாரம் நான்கு வருடத்துக்கு முந்தையது. சின்னசாமியின் நிலத்துக்குப் பின்னால் செழியனின் அம்மா மணியம்மாளுக்கு அரளித் தோட்டம் இருந்தது. சின்னசாமியின் வரப்போரமாக ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வழி. யார் தாத்தா விட்டது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் நடந்தார்கள். ஒரு நாள் மணியம்மாளின் மாடு மல்லிச் செடியை மேய்ந்துவிட்டது. பேச்சு முற்றியது. மறுநாளே சின்னசாமி கல் நட்டு முள்கம்பி இழுத்தான். "எங்க வேணாப் போ. எங்கண்ணன் ஜட்ஜு, தெரியுமில்ல," என்று வரப்பில் நின்று கத்தினான். அதிலிருந்து மணியம்மாள் அரளிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றித்தான் ரோட்டுக்கு வந்தாள். மழைக்காலத்தில் கரை வழுக்கும். ஒருமுறை கூடையோடு விழுந்து முட்டி வீங்கிக் கிடந்தாள். கேள்விப்பட்டபோது சின்னசாமி, "கொழுப்பு எறங்கட்டும்," என்று சொன்னான். சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறினான். வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது. சரசு வாசலில் நின்று பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. டீக்கடைப் பேச்சு அவனுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்திருந்தது.

அப்பாசாமி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, சரசு கொட்டிவைத்த வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியவில்லை என்று அவரே கேட்டு வாங்கியிருந்தார்.

"உனக்குத் தெரியுமாணா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "தெரியும். ரெண்டு வருஷம் முன்னாலயே விசாரிச்சாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லி?"

"தம்பி பண்ணது எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே மாமா," என்றாள் சரசு. "இவரு பண்ணதுக்கு நீங்க ஏன் சொமக்கணும்?"

"தெரியுமேம்மா. அப்புறம் எப்படித் தெரியாதுன்னு சொல்றது?"

அவர் கையிலிருந்த கடலையை உடைத்தார். பருப்பைக் கிண்ணத்தில் போட்டார். தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கல்லு நட்ட அந்த வாரமே ஸ்டேஷன்லேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு. சார், உங்க தம்பி விஷயம், என்ன பண்ணட்டும்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. சட்டப்படி பாருங்கன்னு சொன்னேன்."

"சரியாத்தானேணா சொல்லியிருக்க."

"அதோட நிறுத்தியிருந்தா சரி. தம்பி கொஞ்சம் முன்கோபக்காரன், ஆனா அந்த நிலத்தை நம்பித்தான் இருக்கான்னும் ஒரு வார்த்தை சொன்னேன். மொதல்ல சொன்னது ஜட்ஜு சொன்னது. ரெண்டாவது உன் அண்ணன் சொன்னது. போனுக்கு அந்தப் பக்கம் ரெண்டாவதுதான் கேக்கும். அது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

சின்னசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"விசாரிக்க வந்தவர் என்னைவிட வயசுல சின்னவர். போன் வந்துதான்னு கேட்டாரு. வந்துதுன்னேன். என்ன சொன்னீங்கன்னாரு. ரெண்டையும் சொன்னேன். எழுதிக்கும்போது அவர் நிமிர்ந்தே பாக்கல. எனக்காக அவர் வெக்கப்பட்டாரு. அதுதான்டா தாங்கல. வேலை போனது கூடப் பரவாயில்ல."

"ஒரு வார்த்தைக்காகவா மாமா ரெண்டு வருஷத்தப் புடுங்குவாங்க?" என்றாள் சரசு.

"வேற யாரோட கேஸுலயாவது இதையே நான் பாத்திருந்தா, நானும் வேணாம்னுதான் எழுதியிருப்பேன்."

சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாமளும்தான் யோக்கியமா?" என்றாள் புருஷனைப் பார்த்து. "ரேஷன் கடையில ஜட்ஜு வீட்டுக்காரங்கன்னு சொல்லி எத்தினி தடவ வரிசையத் தாண்டிப் போயிருக்கேன். யாராவது மொறச்சா எனக்கு அது பெருமையா இருந்துது." அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

சின்னசாமிக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. தான் கத்தின ஒவ்வொரு கத்தலும், ஒவ்வொரு இடத்திலும் அண்ணன் பேரை எடுத்துவிட்ட ஒவ்வொரு தடவையும் வரிசையாக வந்து நின்றன. வி.ஏ.ஓ.விடம் நிலத்துக்கு அடங்கல் சீட்டு வாங்கப் போன இடத்தில், மார்க்கெட்டில் எடைபோடுகிறவனிடத்தில், பஸ்ஸில் சீட்டுக்காக. அண்ணனுக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் இளைஞர் மன்றத்துப் பையன்கள் விழா விஷயமாக வந்தார்கள். பந்தல்காரனிடம் பேசிவிட்டதாகச் சொன்னார்கள்.

"விழா வேணாம்பா," என்றான் சின்னசாமி.

"ஏன் மாமா? நீங்கதானே ரெடி பண்ணச் சொன்னீங்க."

உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அண்ணன் கூச்சப்படுகிறார் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன.

"என்னால அவரு வேல போச்சு. ஊர்ல போய்ச் சொல்லிடுங்க. அதுக்குப் போயி மால எதுக்கு?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பூப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, சின்னசாமி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வழிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அப்பாசாமியும் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீ எதுக்குணா? வெயிலு."

"கம்பியைச் சுத்தறேன்."

மண் கல்லாக இறுகியிருந்தது. சுற்றிலும் குத்திக் குத்தித் தண்ணீர் ஊற்றித்தான் ஒரு கல்லை அசைக்க முடிந்தது. நடும்போது ஆள் வைத்து அரை நாளில் நட்டது. அப்பாசாமிக்கு முள்கம்பியைச் சுற்றத் தெரியவில்லை. கையில் கீறி ரத்தம் வந்தது. சொல்லாமல் லுங்கியில் துடைத்துக்கொண்டார். பாதையில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "கோர்ட்டு ஆர்டரா?" என்று ஒருத்தன் கேட்டான். சின்னசாமி குனிந்தபடியே, "நான் நட்டது, நான் புடுங்கறேன்," என்றான்.

வெயில் ஏறும் நேரத்தில் அரளிக் கூடையோடு மணியம்மாள் அந்தப்பக்கம் வந்து நின்றாள். அப்பாசாமியைவிட நான்கைந்து வயது மூத்தவள். கறுத்து, வற்றி, வலது காலைச் சாய்த்து ஊன்றி நின்றாள்.

"அப்பாசாமியா? இன்னாபா இப்புடி எளச்சிட்ட?"

"வயசாயிடுச்சுக்கா."

"எனக்கு ஆவாத வயசா உனக்கு?" கூடையை இறக்கி வைத்தாள். பிடுங்கிப்போட்ட கற்களைப் பார்த்தாள். சின்னசாமி பக்கம் அவள் திரும்பவே இல்லை. "உன் தம்பி கல்லு நட்டது கூட எனக்குப் பெருசா தெரிலபா. மாடு மேஞ்சிது, கோவம் வந்துது, நட்டான். அந்த வருஷம் தீபத்துக்கு நீ வந்த. காரு இதோ இங்கதான் நின்னுது. நான் தலையில புல்லுக்கட்டோட கண்ணாடி கிட்டயே நின்னேன். உள்ள நீ நேரா பாத்துனு உக்காந்துனு இருந்த. சரி, கண்ணாடி வழியா தெரில போலன்னு நெனச்சிகினேன்."

அப்பாசாமி கம்பியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுதுக்கா."

"தெரிஞ்சுதா?"

"கண்ணாடிய எறக்கினா நீ கேப்ப. கேட்டா நான் பதில் சொல்லணும்."

மணியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று சின்னசாமிக்குத் தோன்றியது.

"பையன் எழுதிப் போட்டது உன் வேலைக்கு வெனையா வரும்னு தெரிஞ்சிருந்தா, நான் விட்டிருக்க மாட்டேன்," என்றாள் கடைசியில்.

"விட்டதுதான் சரிக்கா."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வழி பாதிக்குமேல் திறந்துகிடந்தது. அவள் அதில் காலெடுத்து வைக்காமல் திரும்பி, காலைச் சாய்த்துச் சாய்த்து, ஏரிக்கரைப் பக்கமே நடந்து போனாள். அண்ணனும் தம்பியும் அவள் கரை ஏறி மறைகிறவரைக்கும் பார்த்துவிட்டு, மிச்சக் கற்களையும் பிடுங்கினார்கள்.

அந்த வாரக் கடைசியில் மகளுக்குப் பையன் பிறந்த சேதி வந்தது. அப்பாசாமி சென்னைக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. சின்னசாமி முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் துண்டு போட்டான். ஏற்கெனவே அங்கே உட்காரப் போன ஒரு ஆள், நான் முதலில் பிடித்த இடம் என்றான். சின்னசாமி துண்டை எடுத்துக்கொண்டான். அப்பாசாமி பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்துபோனார். பஸ் நகர்ந்தபோது அங்கிருந்து கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

கல்லைப் பிடுங்கிய பிறகும் மணியம்மாள் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போனாள். சின்னசாமி தினமும் காலையில் வழியைப் பார்ப்பான். குழிகளை மண் போட்டு மூடினான். முள்ளைப் பொறுக்கினான். ஒருநாள் மம்முட்டியால் மேடுபள்ளத்தைச் சரிசெய்தான். வழியில் காலடித் தடமே விழவில்லை.

"நான் போயி அந்தம்மாவ ஒரு வார்த்த கூப்புடட்டா?" என்று சரசுவிடம் கேட்டான்.

"கூப்புட்டா வந்துதான் ஆவணும்னு ஆயிடும். அதுவும் ஒரு கட்டாயம்தானே. கம்முனு இருங்க."

வைகாசி பிறந்து, ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மல்லி சரம் சரமாகப் பூத்தது. ஒரு நாள் விடிந்த நேரம், சின்னசாமி செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். வரப்புப் பக்கம் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தான். வழியின் அந்தக் கோடியில், தலையில் கூடையோடு, மணியம்மாள் வந்துகொண்டிருந்தாள்.

எதிரே போய் நின்று என்ன பேசுவது? வா அக்கா என்று சொல்வதா, மன்னித்துக்கொள் என்று சொல்வதா? அவளைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை தன் மூஞ்சிக்கு இல்லை என்று அவனுக்குப் பட்டது. மம்முட்டியை மடியில் வைத்துக்கொண்டு மல்லிச் செடிக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். தன் நிலத்தில், தன் செடிக்குப் பின்னால், திருட வந்தவன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். ஈரம் வேட்டியில் ஏறியது. இலை இடுக்கு வழியாக அவளுடைய பாதம் தெரிந்தது. நல்ல கால் ஒன்றும், இழுத்து இழுத்து வந்த கால் ஒன்றும்.

பாதம் அவனுக்கு நேராக வந்ததும் நின்றது.

"தண்ணி வரப்பு மேல ஏறிப் போவுது பாரு," என்றாள் மணியம்மாள், ரோட்டைப் பார்த்தபடியே. "மடைய மாத்து."

பிறகு நடந்தாள். அவள் ரோட்டில் ஏறிய பிறகும் சின்னசாமி எழுந்திருக்கவில்லை. தண்ணீர் பாத்தி தாண்டி, வரப்பு தாண்டி, வழியிலிருந்த அவள் காலடிகளுக்குள் நிறைந்துகொண்டிருந்தது.